அம்மா அப்பாவின் கதையைக் கேட்டு எழுதுவது எப்படி? முதல்முறை தொடங்குபவர்களுக்கு

நம்மில் பலருக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாம் பிறந்த பிறகு நடந்தவைதான். அதற்கு முந்தைய இருபது, இருபத்தைந்து வருஷம் துண்டு துண்டாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் காதில் விழுந்ததோடு சரி. அவர் எதில் கெட்டிக்காரி, யாரை எதிர்த்துப் பேசினார், எதற்கு ஆசைப்பட்டுக் கைவிட்டார் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அப்பா விஷயத்தில் இன்னும் மோசம். அவர் வேலை பார்த்த இடத்தின் பெயர் தெரியும், அங்கே என்ன செய்தார் என்பது தெரியாது.

இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அம்மா தென்காசிப் பக்கம் பீடி சுற்றியவர். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். உங்கள் அம்மா நடவு நட்டவராக இருக்கலாம், சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டியவராக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம். அப்பா கண்டக்டராகவோ மில் தொழிலாளியாகவோ இருந்திருக்கலாம். யாராக இருந்தாலும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: அவர்கள் செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள். கஷ்டத்திலிருந்து தொடங்காதீர்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

பேட்டி மாதிரி உட்காராதீர்கள்

பேப்பர் பேனாவோடு எதிரில் உட்கார்ந்து "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் அநேகமாக எல்லா அம்மாக்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எங்கதையில என்ன இருக்கு, எல்லாரும் பட்டதுதான நானும் பட்டேன்." அதோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

கைக்கு வேலை இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். முருங்கைக்கீரை உருவும்போது, அரிசி புடைக்கும்போது, பூ கட்டும்போது. நீங்களும் ஒரு கை கொடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்ற சூழ்நிலையில் பேச்சு தானாக வரும். அப்பாக்களுக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டுக்குள் வாயைத் திறக்காத அப்பா, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பத்து வருஷக் கதையைச் சொல்லிவிடுவார்.

வீட்டில் அம்மாவை 'நீ' என்று கூப்பிடுகிற பழக்கம் என்றால் கதை கேட்பதற்காக 'நீங்க'வுக்கு மாறாதீர்கள். மாறினால் அவரும் யாரோ வெளியாளுக்குச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "எம்மா, நீ சொல்றதை நான் எழுதி வைக்கப் போறேன், போன்ல பதிவும் பண்ணுவேன், உனக்குச் சரிதானா?" தெரியாமல் பதிவு செய்வது கூடவே கூடாது. பிறகு தெரிய வந்தால் அதற்கப்புறம் எதையும் சொல்ல மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

வருஷத்தைப் பிடிப்பதற்கு ஒரு காலக்கோடு

அந்தத் தலைமுறையில் வருஷம் சொல்லிப் பேசுபவர்கள் குறைவு. "பெரியக்கா கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்", "அந்தப் பெரிய வெள்ளம் வந்த ஐப்பசி" என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேட்க உட்காரும் முன் நீங்கள் ஒரு நீளமான தாளில் ஊர் உலகம் அறிந்த நிகழ்வுகளை வருஷத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை அதில் பொருத்திக்கொண்டே போகலாம்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1964 டிசம்பர் 22, 23 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம், பள்ளி கல்லூரிகள் மூடல். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு. 1969 பிப்ரவரி 3 அண்ணா மறைவு. 1975 அக்டோபர் 2 காமராஜர் மறைவு, அது நெருக்கடி நிலைக் காலம். 1982 ஜூலையில் சத்துணவு. 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைவு. எங்கள் பக்கத்தில் 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளத்தையும் சேர்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்கு உரியதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு "அண்ணா செத்தப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது, இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்திருந்தது, வீட்டில் அன்றைக்கு உலை வைக்காதது என்று ஒரு நாள் முழுசாகக் கிடைக்கும். இடுப்பில் இருந்த தம்பியின் வயதை வைத்து அம்மாவின் வயதையும் கணக்குப் போட்டுவிடலாம்.

பிறந்த தேதியை நம்புவதில் கவனம் வேண்டும். நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல் வந்ததுதான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பள்ளியில் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். நிஜ வயது ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாக இருக்கும்.

ஜாதகமோ, சுவரில் எழுதிய குறிப்போ இருந்தால் அது நல்ல சாட்சி. அதில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். மன்மத வருஷம் ஆவணி என்றால் 1955 ஆகஸ்ட், செப்டம்பர். அதே மன்மத வருஷம் தை என்றால் 1956 ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும், ஏனென்றால் வருஷம் மாறுவது சித்திரையில். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் குழப்பமும் வராது. 1955-க்கு அடுத்த மன்மத 2015-தான்.

அணாவை வைத்து மட்டும் வருஷத்தைத் தீர்மானிக்காதீர்கள். நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து காசை நாலணா என்றுதான் பல காலம் சொன்னார்கள். அதே மாதிரி அப்பா "பதினொண்ணாவது பாஸ், அப்புறம் பி.யு.சி." என்றால் அது பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்து கல்லூரியில் ஒரு வருஷப் புகுமுக வகுப்பு படித்த பழைய முறை, பிளஸ் டூ வந்தது 1978-இல். பள்ளியில் மதியச் சாப்பாடு சாப்பிட்டதாக அம்மா சொன்னால் அது சத்துணவாக இருக்க வேண்டியதில்லை. காமராஜர் ஆட்சியில் 1956-இலேயே பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிவிட்டது.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

நீங்கள் தனியாகத் திறக்காமல், அவர்களோடு சேர்ந்து திறங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுக்கும்போது அவர்கள் சொல்வதுதான் முக்கியம், காகிதம் அதற்கு அடுத்ததுதான்.

மொய் நோட்டைத் தேடுங்கள். இதற்கு இணையான ஆவணம் தமிழ்க் குடும்பங்களில் வேறு இல்லை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு எழுதினார்கள், பித்தளைக் குடம் கொடுத்தது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைவிட, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். "மூத்த மாமா பேரு ஏம்மா இதுல இல்ல?" என்ற ஒரு கேள்விக்கு எங்கள் வீட்டில் வந்த பதிலில், அம்மாவின் கல்யாணம் முதலில் வேறு யாரோடு நிச்சயமாக இருந்தது, அதை அவர் எப்படி வேண்டாம் என்று சொன்னார் என்பது முழுக்க வெளியே வந்தது. பத்தொன்பது வயதில், நான்கு ஆண்கள் உட்கார்ந்திருந்த திண்ணையில், கதவுக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கு அதற்கு முன் அது தெரியாது.

அடகுச் சீட்டுகள் கிடைத்தால் தேதி வரிசையில் அடுக்குங்கள். நகை எந்த மாதம் போயிருக்கிறது, எந்த மாதம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஜூன் மாதச் சீட்டுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடச் செலவு. அறுப்பு முடிந்து தையில் மீட்பு. அந்த ஒரு ஜோடிக் கம்மல் எத்தனை தடவை போய் வந்தது என்பதில் உங்கள் படிப்பின் கணக்கு இருக்கிறது.

பள்ளி டி.சி., கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், வேலை சம்பந்தப்பட்ட அட்டை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். போட்டோ என்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. காகிதத்தில் பெயர் இருப்பவர்தான் வேலை செய்தார் என்று எண்ண வேண்டாம். பீடித் தொழிலில் கார்டு பாட்டி பெயரில் இருக்கும், சுற்றுவது அம்மாவும் சித்தியும். பீடித் தொழிலாளருக்கு பி.எஃப். 1977-இல்தான் வந்தது, அப்போதும் கார்டில் யார் பெயரோ அவர்களுக்குத்தான் பணம். அம்மாவின் சிறுவயது உழைப்பில் பெரும்பகுதி எந்தக் காகிதத்திலும் கிடையாது. கேட்டு எழுதினால்தான் உண்டு.

வேலையைக் கேளுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். "கஷ்டப்பட்டியா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்ற ஒரு சொல்தான் பதில். "இலையை எப்படி வெட்டுவ?" என்று கேட்டால் அரை மணி நேரம் பதில் வரும். கை வேலையைப் பற்றிப் பேசும்போது மனிதர்களுக்கு ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. அந்தத் தொழிலில் தான் தேர்ந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது போலச் சொல்வார்கள்.

அம்மா சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன், எந்த அளவுக்கு விவரம் கேட்க வேண்டும் என்பதற்காக. முதல் நாள் இரவே பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும். நரம்பு தடித்த இலை, ஓட்டை இலை ஆகாது. மடியில் சுளகு (முறம்), சுளகில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். இலையை எடுத்து, தூளை வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, வாயை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரம் என்பதுதான் கூலிக் கணக்கு. ஒரு பெண் தனியாக ஆயிரம் சுற்ற வேண்டுமென்றால் சமையல், தண்ணீர், பிள்ளைகள் போக மிச்சமான பகல் முழுக்கவும் இரவில் பாதியும் உட்கார வேண்டும்.

இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுக்கும் இலை ஆயிரத்துக்குப் பத்தாது. மழைக்காலத்தில் இலை மோசமாக இருந்தால் இன்னும் பத்தாது. குறைந்த இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அளவு சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. அம்மா எட்டு வயதில் நூல் சுற்றப் பழகி, பன்னிரண்டு வயதில் தனிச் சுளகு பிடித்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் "ஆயிரம் சுத்துவாளா?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி "ஆயிரத்து இருநூறு" என்று சொன்னதை அம்மா இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்.

இவ்வளவும் வந்தது கீழே உள்ள மாதிரியான கேள்விகளுக்கு. உங்கள் வீட்டுத் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

- இந்த வேலையை யாரு உனக்குப் பழக்கினா? முதல் நாள் என்ன சொன்னாங்க?
- எந்த இடத்துல உக்காருவ? பக்கத்துல யாரு? என்ன பேசுவீங்க, என்ன பாட்டு கேப்பீங்க?
- கெட்டிக்காரின்னு பேரு வாங்கினது யாரு? உன்னைவிட வேகமா செய்றவங்க இருந்தாங்களா?
- உடம்புல எங்க வலிக்கும்? அதுக்கு என்ன பண்ணுவ?
- மாசமா இருக்கும்போது எத்தனாவது மாசம் வரைக்கும் வேலை பாத்த?
- முதலாளிகிட்ட, கணக்குப்பிள்ளைகிட்ட எதுக்காவது சண்டை போட்டிருக்கியா?

பாட்டைப் பற்றிய கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். தென் மாவட்டங்களில் திண்ணையில் சேர்ந்து சுற்றிய பெண்களுக்கு இலங்கை வானொலிதான் துணை. எந்த நேரத்துக்கு எந்த நிகழ்ச்சி, அதற்குள் எத்தனை கட்டு முடிக்க வேண்டும் என்று ரேடியோவை வைத்தே நேரத்தைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள். சிரிப்பும் கேலியும் அந்தத் திண்ணையில் நிறைய இருந்திருக்கின்றன. அதைக் கேட்காமல் விட்டால் நம் கையில் இருப்பது வெறும் பாரம் மட்டும்.

பாத்திரம், கருவியை எடுத்துக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். மறதி வந்துவிட்ட பெற்றோருக்கு இது பெரிய உதவி. நேற்று சாப்பிட்டது நினைவில் இல்லாதவர், வெறும் தாளைச் சுருட்டி நூல் கட்டிக் காட்டுவார். அப்போது கூடவே சில பெயர்களும் வரும்.

காசு யார் கையில்?

வேலைக்கு அடுத்து கூலியைக் கேளுங்கள். எவ்வளவு வந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. யார் போய் வாங்கினார்கள், யாரிடம் கொடுத்தார்கள், அதில் தனக்கென்று எதையாவது ஒளித்து வைத்தார்களா, எங்கே? அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டியில், சேலை மடிப்பில். யாரோடு சீட்டுப் போட்டார்கள், எடுத்த சீட்டை என்ன செய்தார்கள்? குடும்பத்தில் யார் நிஜமாக முடிவெடுத்தார்கள் என்பது இங்கேதான் தெரியும். எங்கள் வீட்டில் கான்கிரீட் போட்டது அப்பா என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு சீட்டும் ஒரு பி.எஃப். பணமும் சேர்ந்து போட்ட கான்கிரீட் அது.

பேச்சு நின்றுபோகும் இடங்கள்

எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். பிறந்து இறந்த பிள்ளை, குடித்துவிட்டு அடித்த கணவன், சாதியைச் சொல்லி இறக்கி வைத்த வீடு, சொல்லாமல் போன ஒரு காதல். 1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. அப்படியென்றால் உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ நீங்கள் கேள்விப்படாத ஒரு பிள்ளை இருக்க வாய்ப்பு உண்டு. "உனக்கு முன்னாடி ஒண்ணு" என்று ஆரம்பித்து நிறுத்துவார்கள்.

அப்போது அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கையில் இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருங்கள். தொடர்ந்தால் கேளுங்கள், தொடராவிட்டால் விடுங்கள். பதிவை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். "இதை எழுதாத" என்று சொன்னால் எழுதாதீர்கள். அம்மா போன பிறகு எழுதலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவர் நமக்குச் சொன்னது பிள்ளை என்பதால்.

இன்னொன்று: நீங்கள் கேட்கும் கதையில் உங்கள் அப்பாவோ பாட்டியோ தாத்தாவோ தவறு செய்தவராக வரலாம். அங்கேயே தீர்ப்புச் சொல்லவோ, "அப்பா அப்படி இல்ல" என்று வக்காலத்து வாங்கவோ கூடாது. அம்மா சொல்லி முடிக்கட்டும். உங்கள் கோபத்தையும் வருத்தத்தையும் வேறு யாரிடமாவது பேசிக்கொள்ளலாம்.

பதிவு செய்வது

போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரே போதும். மடித்த துண்டின் மேல் வையுங்கள், ஃபிளைட் மோடில் போடுங்கள், மின்விசிறியையும் மிக்ஸியையும் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் தேதி, யார், எதைப் பற்றி என்று கோப்புக்குப் பெயர் வைத்து வேறொரு இடத்திலும் ஒரு பிரதி எடுங்கள்.

எழுத்தாக்கும்போது அவர்கள் பேசியதை அப்படியே எழுதுங்கள். அம்மா "சொன்னாவ, வந்தாவ" என்றால் அதைச் "சொன்னார்கள்" ஆக்காதீர்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் வட்டார வழக்கில் தடுமாறும். அவற்றைப் பயன்படுத்தினாலும் காதால் கேட்டு வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

மற்றவர்களிடம் கேளுங்கள், ஊருக்குப் போங்கள்

ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லாததை அடுத்தவர் சொல்வார். அதிலும் பெருமைப்பட வேண்டியதைத் தானாகச் சொல்லிக்கொள்வது நம் அம்மாக்களுக்கு வராது. பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மதினி, கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

அம்மாவோடு திண்ணையில் சுற்றிய ஒருவர்தான் எனக்கு இதைச் சொன்னார். இலை குறைவாகக் கொடுத்துவிட்டுப் பீடியையும் அதிகமாகக் கழித்த ஒரு மழைக்காலத்தில், பெண்கள் எல்லோரும் கடை வாசலில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாளுக்கு இலை வாங்க மாட்டோம் என்று சொன்ன முதல் ஆள் அம்மா. மூன்றாம் நாள் இலையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். "எல்லாரும்தான் உக்காந்தோம்" என்றார்.

ஊருக்குப் போவதென்றால் கோவில் கொடை (திருவிழா) சமயத்தில் போங்கள். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்திருக்கும். அம்மாவை அவர் படித்த பள்ளி, தண்ணீர் எடுத்த கிணறு, பழைய வீடு இருந்த இடம் என்று நடக்கவிட்டுப் பின்னால் போங்கள். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். சேர்ந்த தேதியைவிட நின்ற தேதி முக்கியம்.

1961 கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றதை அந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கும்போது, அது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை என்று புரிகிறது. அவர் 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். காரணத்தையும் சொன்னார்: கடையில் பாஸ் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று தானே பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, அரிக்கேன் விளக்கில். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி நினைக்கும்போது இதுதான் எனக்கு முதலில் வரும்.

அப்பாவோ அம்மாவோ இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர் என்றால் தேடும் வழி கொஞ்சம் வேறு. மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரித் தேயிலைத் தோட்டமோ வேறு ஊரோ என்று பயணத்தின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காகிதம் இருக்கும். பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். இலங்கை சம்பந்தப்பட்ட பழைய பத்திரிகைகளுக்கு இணையத்தில் 'நூலகம்' (noolaham.org) என்ற தளத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் செய்திகளுக்குச் சென்னையில் தரமணி ரோஜா முத்தையா நூலகமும், அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் உண்டு.

ஒரே சம்பவத்தை அம்மா ஒரு மாதிரியும் மாமா வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.

எழுதும்போது

"எங்களுக்காகவே வாழ்ந்தார், தன்னையே தேய்த்துக்கொண்டார்" என்று எழுதத்தான் கை முதலில் போகும். அன்பினால் வருவதுதான். ஆனால் அப்படி எழுதும்போது முடிவெடுத்த ஒரு பெண் மறைந்து, தாங்கிக்கொண்ட ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறார். அம்மா தாங்கிக்கொண்டதைவிட எடுத்த முடிவுகள்தான் என்னை அசர வைக்கின்றன. பிடிக்காத சம்பந்தத்தை வேண்டாம் என்றது, இலை வாங்க மறுத்தது, சீட்டுப் பணத்தை எதில் போடுவது என்று தீர்மானித்தது, முப்பத்தைந்துக்கு மேல் ஸ்லேட்டு எடுத்தது. உங்கள் அம்மாவின், அப்பாவின் கதையிலும் இப்படிப்பட்ட இடங்களைத் தேடி எடுத்து, அங்கே நின்று விரிவாக எழுதுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு வயது என்ன, கையில் எவ்வளவு இருந்தது, வேறு என்ன வழி இருந்தது, யார் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டால் வியப்பு படிப்பவருக்குத் தானாக வரும். நாம் "எப்பேர்ப்பட்ட மனுஷி" என்று சேர்க்கத் தேவையில்லை.

அவர்களின் குறைகளையும் விட்டுவிடாதீர்கள். கோபக்காரர் என்றால் கோபக்காரர்தான். பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டியிருந்தால் அதுவும் கதைதான். நம்மைப் போன்ற ஒரு ஆள் இத்தனையையும் செய்திருக்கிறார் என்பதில்தான் பலமே இருக்கிறது.

நீளம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு வேலை, ஒரு வருஷம், ஒரு சண்டை என்று இரண்டு மூன்று பக்கத் துண்டுகளாக எழுதி அடுக்குங்கள். பிறப்பிலிருந்து வரிசையாக எழுத உட்கார்ந்தால் பத்தாவது வயதிலேயே களைத்துவிடும்.

வாசித்துக் காட்டுங்கள்

எழுதிய ஒவ்வொரு துண்டையும் அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "அது அந்த வருஷம் இல்ல", "அவ பேரு அது இல்ல", "இதை ஏன் எழுதின, எடுத்துரு" என்று மூன்று விதமாகப் பதில் வரும். முதல் இரண்டைத் திருத்துங்கள், மூன்றாவதை எடுத்துவிடுங்கள். நாலாவதாக, நீங்கள் வாசிப்பதைக் கேட்டதும் புதிதாக ஒன்று நினைவுக்கு வரும். அதற்காகப் பதிவை அப்போதும் ஓடவிட்டு வையுங்கள், முதலில் சொல்லிவிட்டுத்தான்.

எல்லாம் ஓரளவு சேர்ந்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஓரத்தில் இடம் விட்டு, அம்மாவுக்கு ஒன்று, கூடப் பிறந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள். பெரியம்மாவுக்கும் ஒன்று அனுப்புங்கள். படித்துவிட்டுப் போன் பண்ணி "உங்கம்மா சொன்னது பாதிதான்" என்பார். பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்டு எழுதுங்கள்.